பதிப்பாளர் வாசலில் ஒரு பலகை
வெனிஸ் நகரத்து ஆல்டஸ் பற்றி ஒரு காகித வியாபாரியின் குறிப்புகள்

1995-ஆம் ஆண்டு என் தாயாரின் முதல் ஆண்டு நினைவாக, அருங்கலச்செப்பை எளிய உரையோடு ஒரு சிறு நூலாக அச்சிட விரும்பினேன். ஜைனர்களாகிய எங்களுக்குத் தானம் நான்கு வகை: ஆகாரம், ஔஷதம், அபயம், சாஸ்திரம். நூலைப் படியெடுத்துக் கொடுப்பது சாஸ்திர தானம். முன்னோர் ஏட்டில் எழுதுவித்துக் கொடுத்தார்கள். நான் காகித வியாபாரி. எனக்குக் காகிதம்தானே கைவசம்!

அப்போது மும்பையில் தமிழ் டி.டி.பி. தெரிந்த கடைகள் ஒன்றிரண்டுதான். ஒரு கடையில் போய் உட்கார்ந்தேன். பையன் கம்ப்யூட்டரைத் திறந்து பேஜ்மேக்கரைத் தட்டினான். திரையில் ஒரு மனிதரின் பக்கவாட்டு முகம் தோன்றியது. பழைய காலத்துத் தொப்பி, நீண்ட மூக்கு. "யாருப்பா இது?" என்று கேட்டேன். "கம்பெனி ஓனரா இருக்கும் சார்" என்றான். நானும் அப்படியே நம்பினேன்.

ஓனர் அல்ல. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பால் பிரைனெர்ட் என்பவர் 1984-ல் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் ஆல்டஸ். 1985-ல் பேஜ்மேக்கரை வெளியிட்டார்கள். 1994-ல் அந்த நிறுவனம் அடோபியுடன் இணைந்துவிட்டது. ஆனால் அந்த முகம், அதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் வெனிஸ் நகரில் அச்சுக்கூடம் நடத்திய ஆல்டஸ் மனூஷியஸ் என்பவருடையது. நம் தமிழ்ச் சங்கங்களின் மலர்கள் பலவற்றைப் பல ஆண்டுகள் பக்கம் கட்டிக் கொடுத்தது அவர் முகம் போட்ட அந்தப் பேஜ்மேக்கர்தான். அந்த வகையில் அவர் நமக்கும் தூரத்து உறவு.

பின்னாளில் கிடைத்த புத்தகங்களையெல்லாம் வாங்கி அவரைப் பற்றிப் படித்தேன். அழகான நூல் போட்டார் என்பதைவிட, வாசகரோடு ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தார் என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு நூலின் முன்னுரையிலும் விலை, வேலை, எழுத்தின் அழகு, திருட்டு, தன் தவறு எல்லாவற்றையும் சிரிப்பும் சிடுசிடுப்புமாகச் சொன்னார். அதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்தேன்.

வாத்தியார் வியாபாரி ஆன கதை

ஆல்டஸ் ரோம் நகரத்தின் தெற்கே பாஸியானோ என்ற சிற்றூரில், சுமார் 1450-ல் பிறந்தவர். லத்தீன், கிரேக்கம் கற்று, கார்ப்பி என்ற சிற்றரசின் இளவரசர்களுக்கு ஆசிரியராக இருந்தார். நாற்பது வயதை ஒட்டித்தான் வெனிஸுக்கு வந்தார். வாழ்க்கையின் இரண்டாம் பாதியில் புதுத் தொழில் தொடங்குவது எவ்வளவு கஷ்டம் என்பது, பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கையில் கல்வி இருந்தது, முதல் இல்லை. ஆண்ட்ரியா டோரெசானி என்ற அனுபவமுள்ள அச்சகக்காரரும், பார்பாரிகோ என்ற பிரபுக் குடும்பத்தவர் ஒருவரும் பணம் போட்டார்கள். ஆல்டஸின் பங்கு மிகச் சிறியது. 1495-ல் ஒரு கிரேக்க இலக்கண நூலோடு தொடங்கி, 1495 முதல் 1498-க்குள் அரிஸ்டாட்டிலின் நூல்களைக் கிரேக்க மூலத்திலேயே ஐந்து பெரிய தொகுதிகளாகக் கொண்டுவந்தார். 1498-ல் தம் கிரேக்க நூல்களுக்கெல்லாம் விலையோடு ஒரு பட்டியலும் அச்சிட்டார். விலையை அச்சில் போட்டுவிட்டால் ஆளுக்கு ஒரு விலை சொல்ல முடியாது. வியாபாரி என்ற முறையில் எனக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை.

1499-ல் அவர் அச்சிட்ட ஒரு நூலை, அச்சுக்கலை பிறந்த நூற்றாண்டின் மிக அழகிய புத்தகம் என்று இன்றும் பலர் சொல்லுகிறார்கள். ஹிப்னெரோடோமாகியா பொலிஃபிலி என்று பெயர். பொலிஃபிலோ என்பவன் கனவில் காதலியைத் தேடி அலையும் கதை. சுமார் 170 மரச்செதுக்குப் படங்கள். சில பக்கங்களில் எழுத்து வரிகளே மேலிருந்து கீழாகக் குறுகி, கிண்ணம் போல வடிவெடுக்கும். அத்தியாயங்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால், பிரான்செஸ்கோ கொலோன்னா என்ற துறவி போலியா என்பவளை மிகவும் நேசித்தார் என்ற செய்தி லத்தீனில் கிடைக்கும். நம்முடைய சித்திரகவி போன்ற விளையாட்டு!

இவ்வளவு அழகான புத்தகம் விற்றதா? இல்லை. பணம் போட்டவர் பத்து வருஷம் கழித்தும் சரக்குத் தேங்கிக் கிடப்பதாக முறையிட்டு, அச்சு உரிமையை நீட்டிக்கும்படி அரசிடம் விண்ணப்பம் கொடுத்தார். அழகுக்கும் விற்பனைக்கும் அன்றும் ஏழாம் பொருத்தம்தான்.

ஒரு பாரம், பதினாறு பக்கம்

தமிழ்ப் புத்தகங்களில் "டெம்மி 1/8", "கிரௌன் 1/8" என்று அச்சிட்டிருப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஒரு முழுத் தாளை மூன்று முறை மடித்தால் எட்டு இதழ், பதினாறு பக்கம். அச்சகத்தார் இதை ஒரு பாரம் என்பார்கள். தாளை ஒரே முறை மடித்தால் இரண்டு பெரிய இதழ். மேசையில் வைத்துத்தான் படிக்க முடியும்.

எட்டாக மடிப்பது ஆல்டஸின் கண்டுபிடிப்பு அல்ல. அதற்கு முன்பே பிரார்த்தனை நூல்கள் அப்படி வந்தன. ஆனால் வர்ஜில் போன்ற பெரிய கவிகளை, நாலு பக்கமும் சூழ்ந்து நிற்கும் உரைகளை எடுத்துவிட்டு, வெறும் மூலமாகக் கைக்கடக்கமான அளவில் வரிசையாகக் கொடுத்தவர் அவர்தான். 1501 ஏப்ரலில் வர்ஜில் வந்தது. வகுப்பறை மேசையில் கிடந்த கவிஞர், குதிரை மேல் போகிறவர் கையில் ஏறிக்கொண்டார்.

இவற்றை மலிவுப் பதிப்பு என்று பலர் எழுதிவிட்டார்கள். அது சரியல்ல. நல்ல காகிதம், நல்ல அச்சு. விலையும் அப்படியொன்றும் குறைவில்லை. எளிதானது விலை அல்ல, எடுத்துச் செல்வதுதான்.

சாய்ந்த எழுத்தும் அரைப்புள்ளியும்

அந்த வர்ஜில் பதிப்பில்தான் முதன்முதலாக ஒரு நூல் முழுவதும் சாய்வெழுத்தில் வந்தது. இத்தாலியில் பிறந்ததால் அதற்கு இட்டாலிக் என்று பெயர். அக்கால அறிஞர்கள் வேகமாக எழுதும் கையெழுத்தைப் பார்த்து, போலோனியாவைச் சேர்ந்த பிரான்செஸ்கோ கிரிஃபோ என்ற பொற்கொல்லர் மரபுக் கைவினைஞர் உருக்கில் வெட்டிக் கொடுத்தது அது. வர்ஜில் நூலின் தொடக்கத்தில் கிரிஃபோவின் கையைப் புகழ்ந்து ஆல்டஸ் சில வரிகள் போட்டார். எழுத்து வெட்டியவர் பெயரைச் சொல்லும் பெருந்தன்மை அந்த இடத்தில் இருந்தது.

ஆனால் 1502-ல் வெனிஸ் அரசிடம் அந்த எழுத்துக்கான தனி உரிமையை வாங்கியபோது, அது ஆல்டஸ் பேருக்கே போயிற்று. கிரிஃபோ மனம் கசந்து வெளியேறினார். ஃபானோ நகரில் சொன்சினோ என்ற யூத அச்சகத்தாரிடம் போய்ச் சேர்ந்தார். அவரோ 1503-ல், இந்த எழுத்தை உண்மையில் உண்டாக்கியவர் கிரிஃபோதான் என்று அச்சிலேயே எழுதிவிட்டார். ஆல்டஸை நான் மதிக்கிறேன் என்பதால் இதை மறைக்கக் கூடாது. வேலை செய்தவன் ஒருவன், பட்டயம் வேறொருவன் பேரில் என்பது கடைத்தெருவில் இன்றும் நடப்பதுதான்.

தமிழுக்குச் சாய்வெழுத்து அவ்வளவாகப் பொருந்தவில்லை. பேஜ்மேக்கரில் தமிழைச் சாய்த்தால் புயலில் சாய்ந்த தென்னை மாதிரி இருக்கும். ஆனால் அவர் பட்டறையிலிருந்து வந்த வேறு ஒன்று தமிழுக்குள் நன்றாக வேர் விட்டிருக்கிறது. 1496-ல் பியெத்ரோ பெம்போ என்ற இளைஞர் எட்னா எரிமலையில் ஏறிய அனுபவத்தைச் சிறு நூலாக ஆல்டஸ் போட்டார். அரைப்புள்ளி அச்சில் முதன்முதலில் வந்தது அதில்தான். கால்புள்ளிக்கு இன்றைய வளைந்த வடிவம் நிலைத்ததும் அவருடைய நூல்களால்தான்.

நம் ஓலைச்சுவடிகளில் கால்புள்ளி, அரைப்புள்ளி கிடையாது. மெய்யெழுத்தின் மேல் புள்ளிகூட வைக்க மாட்டார்கள். எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும். எங்கே நிறுத்துவது என்பது படிப்பவரின் கல்வியைப் பொறுத்தது. 1578-ல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சான நாளிலிருந்து தமிழும் அச்சுக்குள் வந்தது. பிறகு மெல்ல மெல்ல நிறுத்தக்குறிகளும் வந்தன. உ.வே.சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும் முன், கும்பகோணத்து ஜைனர்களிடம் சென்று சமயச் செய்திகளைக் கேட்டுத் தெளிந்தார் என்பதை எங்கள் வீடுகளில் பெருமையாகச் சொல்லுவோம். ஏட்டில் இருப்பதை அப்படியே அச்சில் ஏற்றினால் போதாது. சொல் எங்கே முடிகிறது, பொருள் எங்கே திரும்புகிறது என்று வாசகனுக்குக் காட்ட வேண்டும் என்ற பொறுப்பு அவருக்கும் இருந்தது, ஆல்டஸுக்கும் இருந்தது.

வாசலில் தொங்கிய பலகை

ஆல்டஸின் நகைச்சுவைக்கு வருகிறேன். 1514-ல் நண்பர் நவஜேரோவுக்கு எழுதிய ஒரு முன்னுரையில் தன் தொல்லைகளைச் சொல்கிறார். உலகத்து அறிஞர்களெல்லாம் கடிதம் போடுகிறார்கள்; பதில் எழுதினால் ராப்பகல் போதாது. கடிதமாவது பரவாயில்லை, நேரில் வருகிறவர்கள் இருக்கிறார்களே! வேறு வேலை இல்லாதவர்கள், வாப்பா ஆல்டஸைப் போய்ப் பார்ப்போம் என்று கூட்டமாக வந்து, வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்துவிடுகிறார்களாம்.

ஆகவே அறை வாசலில் ஒரு பலகை மாட்டினார். நீர் யாராக இருந்தாலும் சரி, வந்த காரியத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு உடனே கிளம்பும் என்பது அதன் சாரம். அதோடு நின்றிருந்தால் வெறும் சிடுசிடுப்பு. அடுத்து ஒன்று சேர்த்தார். வானத்தைச் சுமந்து களைத்த அட்லஸின் தோளிலிருந்து பாரத்தை வாங்கிக்கொண்டானே ஹெர்குலிஸ், அவனைப் போல இங்கே தோள் கொடுக்க வந்திருந்தால் தாராளமாக உள்ளே வாரும். உமக்கு மட்டுமல்ல, உம்மோடு வரும் அத்தனை பேருக்கும் வேலை இருக்கிறது! நம் சங்க அலுவலகத்திலும் மலர் வேலை நடக்கும் மாதங்களில் இப்படி ஒரு பலகை மாட்டலாம் என்பது என் தாழ்மையான கருத்து.

தோள் கொடுக்க வந்தவர்களில் ஒருவர் ஹாலந்து நாட்டு அறிஞர் இராஸ்மஸ். 1508-ல் ஆல்டஸ் வீட்டில் தங்கி, பழமொழித் தொகுப்பை விரிவாக்கினார். சில நூறாக இருந்தவை மூவாயிரத்தைத் தாண்டின. இராஸ்மஸ் ஒரு மூலையில் எழுத எழுத, ஆட்கள் அடுத்த மூலையில் எழுத்துக் கோப்பார்கள். மெய்ப்பைப் பலர் பார்த்த பிறகும் ஆல்டஸ் தானும் ஒருமுறை படிப்பாராம். நீங்கள் எதற்குச் சிரமப்படுகிறீர்கள் என்று இராஸ்மஸ் கேட்டதற்கு, படித்துக்கொண்டிருக்கிறேன், கற்றுக்கொள்கிறேன் என்ற பொருளில் பதில் வந்தது. கல்லூரி வாசலை மிதிக்காமல், கடைக் கல்லாவில் உட்கார்ந்து படித்த எனக்கு இந்தப் பதிலைவிடப் பெரிய ஆறுதல் வேறு கிடைக்கவில்லை.

அந்த வீட்டுச் சாப்பாட்டை மட்டும் இராஸ்மஸ் மன்னிக்கவில்லை. 1505-ல் ஆல்டஸ், கூட்டாளி டோரெசானியின் மகளை மணந்தார். சமையல் பொறுப்பு மாமனார் கையில். 1531-ல் இராஸ்மஸ் எழுதிய ஒரு நையாண்டி உரையாடலில், தண்ணீர் கலந்த திராட்சை ரசமும் கல் போன்ற ரொட்டியும் பரிமாறும் பணக்காரக் கஞ்சன் ஒருவன் வருகிறான். அது டோரெசானிதான் என்று எல்லோருக்கும் புரிந்தது. பொழுது சாய்ந்தபின் சாப்பாடே கிடையாது என்னும் எங்கள் வீட்டில் தங்கியிருந்தால் இராஸ்மஸ் இன்னும் எவ்வளவு எழுதியிருப்பாரோ!

ஆல்டஸின் நூல் முத்திரை, நங்கூரத்தைச் சுற்றிய டால்பின் மீன். பெம்போ கொடுத்த பழைய ரோமானிய வெள்ளிக் காசில் இருந்த உருவம் அது. மீன் வேகம், நங்கூரம் நிதானம். நிதானமாக விரைந்து செய் என்பது கருத்து. 1502 முதல் அவர் நூல்களில் அந்த முத்திரை வருகிறது.

தவறுக்கு ஒரு பொற்காசு

புத்தகம் புகழ் பெற்றால் திருட்டுப் பதிப்பு தொடர்ந்து வரும். பிரான்சின் லியோன் நகர அச்சகத்தார் ஆல்டஸின் சிறு நூல்களை அதே அளவில், அதே சாய்வெழுத்தில் அச்சிட்டு விற்றார்கள். 1503 மார்ச்சில் ஆல்டஸ் ஓர் எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டார். வாங்குவோர் ஏமாறாமல் இருக்க அடையாளங்கள் சொன்னார்: காகிதம் மட்டம், ஒருவித நாற்றம் அடிக்கும், எழுத்தில் ஒரு பிரெஞ்சுச் சாயல் இருக்கும். பிறகு எந்தெந்த நூலில் எந்தெந்தப் பிழை என்று பட்டியலும் போட்டார். தன் கூலியாட்கள் நான்கு முறை தனக்கு எதிராகச் சதி செய்ததையும் அதிலேயே கொட்டித் தீர்த்தார்.

லியோன்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டே தங்கள் பிழைகளைத் திருத்தி, அடுத்த பதிப்பை இன்னும் நன்றாகப் போட்டார்கள்! செலவில்லாமல் மெய்ப்புத் திருத்தம்.

பிறர் பிழையைப் பட்டியல் போட்டவர் தன் பிழையை என்ன செய்தார்? கனவுக் காதல் நூலின் கடைசி இதழிலேயே பிழைதிருத்தப் பட்டியல் உண்டு. 1513-ல் பிளேட்டோவின் நூல்களை வெளியிட்டுப் போப் பத்தாம் லியோவுக்குச் சமர்ப்பித்தபோது, தன் நூல்களில் உள்ள பிழை ஒவ்வொன்றையும், முடியுமானால், ஒரு பொற்காசு கொடுத்தாவது மாற்றிவிடுவேன் என்று எழுதினார். அவர் பணக்காரர் அல்ல. 1509 முதல் மூன்று வருஷம் போரினால் அச்சுக்கூடமே மூடிக்கிடந்தது. அதற்கு முன்பே, 1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்ததிலிருந்து, மலபார் மிளகினால் கொழுத்த வெனிஸ் வியாபாரிகளுக்கு நடுக்கம் தொடங்கியிருந்தது. அந்த நகரத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு பிழைக்கு ஒரு பொற்காசு என்று சொன்னார்.

1515 பிப்ரவரி 6-ஆம் நாள் அவர் காலமானார். தேவாலயத்தில் உடலைச் சுற்றி அவர் அச்சிட்ட நூல்களையே அடுக்கி வைத்தார்கள். மகனும் பேரனும் நடத்திய அந்த அச்சகம் 1597 வரை இருந்தது.

என் பங்குக்குப் பொற்காசு

இனி, நான் அச்சிட்ட அந்தச் சிறுநூலுக்கு வருகிறேன். 500 பிரதி போட்டேன். நல்ல மேப்லித்தோ காகிதம். என் கடைச் சரக்கு. அட்டையில் அம்மா பெயர். ஊருக்குப் போய் உறவினருக்கெல்லாம் கொடுத்தேன். மறுநாள் காலையில் என் பெரியப்பா கூப்பிட்டனுப்பினார். புத்தகத்தின் 14-ஆம் பக்கத்தைத் திறந்து நீட்டினார். நான் எழுதிக் கொடுத்த உரையில் "இரவில் உண்ணா நோன்பு" என்று இருந்தது. "உண்ணா" என்பது அரைகுறையாக நிற்கிறது என்று நினைத்த டி.டி.பி. பையன், நல்ல மனசோடு "இரவில் உண்ணும் நோன்பு" என்று திருத்திவிட்டான். நான் மெய்ப்புப் பார்க்கும்போது கடையில் கூட்டம்; கண் தவறிவிட்டது. பையன் மேல் குற்றமில்லை.

"ஏம்பா, நீ பண்ணினது சாஸ்திர தானமா, அசாஸ்திர தானமா?" என்று கேட்டார் பெரியப்பா. கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. சிரித்துக்கொண்டே கேட்டார்.

அம்மா தன் வாழ்நாளில் ஒருநாள்கூடப் பொழுது சாய்ந்து சாப்பிட்டவர் அல்ல. கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரியில் டாக்டர் வற்புறுத்தியும், மாத்திரையைச் சூரியன் இருக்கும்போதே கொடுத்துவிடச் சொன்னார். அவர் பெயர் போட்ட நூலில் அந்தப் பிழை. நான் என்ன செய்தேன்? மீதி இருந்த பிரதிகளைக் கட்டி, கடைப் பரண் மேல் போட்டேன். கொடுத்தவற்றைப் பற்றி வாயே திறக்கவில்லை. யார் படிக்கப் போகிறார்கள் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். வாசகன் படிக்க மாட்டான் என்று நம்பிப் புத்தகம் போடுவது எவ்வளவு பெரிய அவமரியாதை என்பது, ஆல்டஸின் பொற்காசுக் கதையைப் படித்த அன்றுதான் உறைத்தது.

பிழை இல்லாத அச்சு உலகத்தில் இல்லை. வாசகரிடம் அதை ஒப்புக்கொள்கிறோமா என்பதில்தான் பதிப்பாளரின் தரம் இருக்கிறது. விலையைச் சொன்னவர், வேலைத் தொல்லையைச் சொன்னவர், பலகை மாட்டிச் சிரிக்க வைத்தவர், பிழையையும் சொன்னார். அதனால்தான் அவர் சொன்ன மற்றதையும் நம்ப முடிகிறது.

பரண் மேலிருந்த கட்டைப் பிரித்து, ஒவ்வொரு பிரதியிலும் 14-ஆம் பக்கத்தில் திருத்தச் சீட்டு ஒட்டிவிட்டேன். முகவரி தெரிந்த உறவினருக்கும் சீட்டை அஞ்சலில் அனுப்பினேன். ஆனால் 1996-ல் நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் சுமார் ஐம்பது பிரதிகள் இலவசமாகக் கொடுத்தேன். யார் யார் எடுத்துப் போனார்கள் என்று தெரியாது. மும்பையை விட்டுப் போனவர்களும் இருப்பார்கள். இந்த மலர் அவர்கள் கைக்கும் வரும் என்ற நம்பிக்கையில் கேட்கிறேன்.

பச்சை அட்டை போட்ட அந்த அருங்கலச்செப்பு உங்கள் வீட்டு அலமாரியில் இருந்தால், தயவுசெய்து எடுங்கள். 14-ஆம் பக்கம், மேலிருந்து ஆறாவது வரி. "உண்ணும்" என்பதை அடித்துவிட்டு "உண்ணா" என்று எழுதிவிடுங்கள். பேனா போதும், பொற்காசு வேண்டாம். அதற்குள் என் கட்டுரையில் வேறு பிழை ஏதும் கண்ணில் பட்டால், அதையும் எனக்கு எழுதுங்கள். நான் இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.